விரலுக்குக் கிடைத்தது, நுரையீரலுக்குக் கிடைக்கவில்லை: வேலையிட இழப்பீட்டைப் பயன்படுத்திப் பார்த்தவனின் விமர்சனம்

என் வலது கை ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணு கிடையாது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் போய்விட்டது. என் அத்தை மகன், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், கல் அறுக்கும் பட்டறைகளில் 11 வருஷம் இருந்துவிட்டு இப்போது மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான். வேலையில் அடிபட்டாலோ வேலையால் நோய் வந்தாலோ முதலாளி தரப்பு இழப்பீடு தர வேண்டும் என்கிற சட்டம். எனக்கு அது தட்டுத் தடுமாறியாவது வேலை செய்தது. அவருக்கு இன்றுவரை செய்யவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று தேடிப் படித்து, அலைந்து, தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

சட்டத்துக்குப் போய் விமர்சனமா என்று தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை இது ஒரு சேவை. படிவம் உண்டு, கவுண்டர் உண்டு, காத்திருக்கும் பெஞ்ச் உண்டு, நல்ல ஊழியர் உண்டு, எரிந்து விழும் ஊழியரும் உண்டு. நாம் கொடுக்கும் விலையும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதலாளியின் தப்பு என்று நிரூபிக்காமலே பணம் கிடைக்கும்; பதிலுக்கு, நீதிமன்றம் போய் முழு நஷ்டஈடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். சில நாடுகளில் வழக்கே போட முடியாது, சில நாடுகளில் இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். வலிக்கோ, ராத்திரி தூக்கம் கெட்டதற்கோ, பிள்ளையின் சட்டைப் பட்டனைப் போட்டுவிட முடியாமல் நின்றதற்கோ பெரும்பாலும் காசு கிடையாது. வைத்தியச் செலவு, போன சம்பளத்தில் ஒரு பங்கு, ஊனத்தின் அளவு, அவ்வளவுதான் கணக்கு.

இது நியாயமான பேரமா? இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று படித்த பிறகு நியாயம் என்றுதான் சொல்வேன். 1837இல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைப் பையன், அளவுக்கு மீறி பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டான். மேல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு ரயில் எஞ்சின் டிரைவர். சக ஊழியர் ஒருவர் தண்டவாளப் பாதையைத் தப்பாக மாற்றி வைத்ததால் எஞ்சின் தடம் புரண்டு அவருடைய வலது கை போயிற்று. அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறது, சக ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை என்று தீர்ப்பு. அதைப் படித்தபோது நான் என் கையைத்தான் பார்த்தேன். அப்போதைய முறையில் முதலாளியின் அலட்சியத்தைத் தொழிலாளியே நிரூபிக்க வேண்டும், சாட்சி சொல்ல வேண்டியவர்களோ அதே முதலாளியிடம் வேலை பார்க்கிறவர்கள். யார் வருவார்கள்?

1884இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனிதான் முதலில் இதை மாற்றியது. முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் சேர்ந்து பணம் போட வேண்டும், தப்பு யாருடையது என்ற கேள்வி கிடையாது, முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியம். இன்றைக்கும் அங்கே அந்த மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கிறது. 1897இல் பிரிட்டன் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1910இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஆனால் 1911 மார்ச் 24ஆம் தேதி அங்குள்ள உயர்ந்த நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுநாள், மார்ச் 25, அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், கதவு பூட்டியிருந்தது. 1913இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் இழப்பீட்டை மறுபடி கொண்டுவந்தார்கள். கவுண்டரில் நம்மை நிற்க வைத்து எரிச்சலூட்டும் அந்தப் படிவத்துக்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு முன்னால் தெரியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இதே மாதிரி எத்தனையோ இடத்தில் நடக்கிறது.

இரவு ஷிஃப்ட். பவர் பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை, அதாவது தகட்டை வெட்டும் அச்சு, இறங்கும். அதாவது டை இறங்கும்போது கை உள்ளே இருக்க வாய்ப்பே இருக்கக் கூடாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் மெஷினில் இடது பட்டன் அமுங்கியே இருக்கும்படி ஒரு சின்ன மரத் துண்டைச் செருகி மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அப்படிச் செய்தால் ஒரு கையால் பீஸ் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டலாம், எண்ணிக்கை ஏறும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஓட்டினோம். பீஸ் சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தது, ஆள்காட்டி விரலால் தள்ளினேன், அதே நேரம் இடது கை போய் வலது பட்டனில் பட்டுவிட்டது. சத்தம் கூட வித்தியாசமாகக் கேட்கவில்லை. கையுறையின் நுனி தட்டையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போன சூப்பர்வைசர் வழியிலேயே கேட்டார்: தம்பி, வீட்டில் கதவில் நசுங்கியது என்று சொல்லிவிடலாமா, செலவெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எனக்குப் பேச்சு வரவில்லை. நல்ல வேளையாக, உள்ளே அந்த நர்ஸ் அக்கா என்னையே பார்த்துக் கேட்டார், எங்கே நடந்தது என்று. பிரஸ்ஸில் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்தான் என் வழக்கின் அஸ்திவாரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நீங்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்: முதல் மருத்துவச் சீட்டில் எங்கே, எப்படி, எந்த மெஷினில் என்று இருக்க வேண்டும். பிறகு ஆயிரம் பேர் வந்து சாட்சி சொன்னாலும் அந்த முதல் சீட்டுக்கு ஈடாகாது.

அப்புறம் நிறுவனத் தரப்பு வேறு வழியில் வந்தது. டேப் சுற்றியது நீதானே என்றார்கள். இதன் உள்குத்து எனக்குப் பிறகுதான் புரிந்தது. தப்பு யாருடையது என்று கேட்காத சட்டம் என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் விதிவிலக்கு உண்டு. பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினால் இழப்பீடு மறுக்கலாம் என்று பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. இந்தியாவின் 1923 சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதில் வந்த 2020 தொகுப்பிலும் தொடர்கிறது. சாவோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் மட்டும் அந்தச் சாக்கு அங்கே எடுபடாது. ஒரு விரல் போனவனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. என்னைக் காப்பாற்றியது பராமரிப்புப் பதிவேடு. விபத்துக்கு மூன்று நாள் முன்னால் பகல் ஷிஃப்ட் ஆள் ஒருவர் அதில் எழுதியிருந்தார், இடது பட்டனில் கட்டை செருகியிருக்கிறது, சரி செய்யவும் என்று. கீழே இன்னொருவரின் சுருக்கொப்பம். அதாவது நிர்வாகத்துக்குத் தெரியும். தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அண்ணன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அடுத்த வாரம் அந்தப் பதிவேடு மாற்றப்பட்டு புது நோட்டு வந்துவிட்டது.

படம் காட்டிய பிறகு டேப் பேச்சு நின்றது. அதற்குப் பின் இந்தச் சேவையைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். யாரும் என்னை நீ அஜாக்கிரதையாக இருந்தாயா என்று கேட்கவில்லை. வேலை நேரம், வேலை இடம், வேலை காரணம், மூன்றும் சரியாக இருந்தன, உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். எழுத்து வேலை பார்த்த அந்த அம்மா விண்ணப்பத்தில் நான் விட்டிருந்த இரண்டு இடத்தைத் தானே சுட்டிக்காட்டி நிரப்பச் சொன்னார், அவருக்கு அது கட்டாயம் இல்லை.

ஊனத்தை அளக்கும் அறைதான் மனசில் நிற்கிறது. டாக்டர் ஒரு சின்ன கோணமானியை விரல் மேல் வைத்து எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தார், பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றார், ஒரு சாவியைக் கொடுத்துத் திருப்பச் சொன்னார், மேஜையில் இருந்த நாணயத்தை எடுக்கச் சொன்னார். நாணயம் மட்டும் மூன்று தடவை நழுவியது. எல்லாம் பத்து நிமிஷம். பிறகு ஒரு எண் எழுதினார். நிறைய நாடுகளில் இதற்கு அட்டவணையே இருக்கிறது. இந்தியச் சட்ட அட்டவணையில் கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. அட்டவணை இருப்பது ஒரு வகையில் நல்லது, ஆளுக்கு ஆள் பேரம் பேச முடியாது. ஆனால் அந்த விரலை வைத்து நான் என்ன வேலை செய்தேன் என்று அட்டவணைக்குத் தெரியாது. நான் டை செட் பண்ணுகிறவன். வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று ஆள்காட்டி விரலால் தடவிப் பார்ப்போம், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அந்த வேலை போய் பேக்கிங்குக்கு மாற்றினார்கள், சம்பளமும் குறைந்தது. அட்டவணை எண் மாறவில்லை.

இதைக் கேள்வி கேட்க இடம் உண்டு என்று நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் சொன்னது இதுதான்: ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்குச் சம்பாதிக்கும் திறன் முழுசாகவே போய்விட்டது, 100 சதவீதமாகக் கணக்கிட வேண்டும். உடம்பில் எவ்வளவு போனது என்பது ஒரு கணக்கு, பிழைப்பில் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு. உங்கள் ஊரில் எந்தச் சட்டமானாலும் டாக்டர் எழுதும் எண் எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது, இழப்பீடு விபத்து நடந்த அன்றைக்கே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது, அதிகாரி உத்தரவு போடும் நாளில் இருந்து இல்லை. தாமதமானால் வட்டி உண்டு. அங்கே வட்டி 12 சதவீதம், காரணமில்லாமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம், பிறகு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. வட்டியைக் கேட்டால்தான் தருவார்கள். கேளுங்கள்.

கை ஆறும் வரை வீட்டில் இருந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1964 உடன்படிக்கை, 121ஆம் எண், தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்குச் சம்பளத்தில் குறைந்தது 60 சதவீதம் என்கிறது. ஓவர்டைமைச் சேர்த்துக் குடும்பம் நடத்துகிறவனுக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ஆள் வீடு தேடி வந்தார், மொத்தமாக ஒரு தொகை, இந்தத் தாளில் கையெழுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. தாளில் தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. என் மனைவிதான் அதைக் கவனித்தாள். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தனியாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன, ஆனால் கையெழுத்தைப் போட்டுவிட்டு அது செல்லாது என்று நிரூபிக்க ஒரு வருஷம் அலைவதைவிட, போடாமல் இருப்பது மேல்.

மொத்தத்தில் 14 மாதம் ஆயிற்று, பணம் வந்தது. முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தது.

இப்போது அண்ணன் விஷயம். எழுதவே கை நடுங்குகிறது, ஏனென்றால் இதில் யாரும் வந்து என்னிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை, யாரும் பதிவேட்டை மாற்றவில்லை, அப்படியிருந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அவர் வேலை செய்தது நான்கு பட்டறைகளில். கல் பலகையை அறுப்பது, ஓரத்தைத் தேய்ப்பது, சிங்க் வைக்க ஓட்டை போடுவது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு அடங்கும், ஆனால் தண்ணீர் விட்டால் தரை எல்லாம் சேறாகும், நேரம் பிடிக்கும், ஆகவே பெரும்பாலும் உலர்வாகவே அறுத்தார்கள். வேலை முடிந்து வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும், பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். மூக்கில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தக் கல்லில் நிறைய செயற்கைக் கல், குவார்ட்ஸ் தூளைப் பிசினில் சேர்த்துச் செய்வது. அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல் கூட இருக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை போட்டுவிட்டது என்றால் எவ்வளவு மோசம் என்று பாருங்கள்.

முதலில் இருமல். காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், முழு கோர்ஸும் சாப்பிட்டார். குறையவில்லை. சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயையும் காசநோயையும் எக்ஸ்ரேயில் குழப்பிக்கொள்வது சகஜமாம், போதாக்குறைக்கு சிலிக்கா தூசு உள்ளே போனவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அவரிடம் எந்த டாக்டரும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. 1700இல் இத்தாலியில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்கிற மருத்துவர், நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சக மருத்துவர்களுக்கு எழுதி வைத்தார். 300 வருஷம் தாண்டிவிட்டது. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். நான்காவது டாக்டரிடம் அண்ணன் தானாகவே சொன்னார், கல் அறுக்கிறேன் என்று. அவர் எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். ஊதிப் பார்க்கும் பரிசோதனை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இது தூசு நோய், ஆறாது, வேலையை விட்டாலும் கூட முற்றலாம் என்றார்.

நோய்க்கு இழப்பீடு இல்லை என்று இல்லை, சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. பிரிட்டன் 1906இலேயே ஆறு நோய்களைப் பட்டியலில் சேர்த்தது, ஈய விஷம், பாதரச விஷம், ஆந்த்ராக்ஸ் மாதிரி. 1925இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையில் மூன்று நோய்தான் இருந்தன, 1934இல் பத்து ஆயிற்று, அதில் சிலிக்கோசிஸ் வந்துவிட்டது. 2010இல் திருத்திய அவர்களுடைய பட்டியல் இன்னும் நீளம், மனநோய்கள் கூட உண்டு. பட்டியலில் நோய் இருந்து, நீங்கள் அந்தத் தொழிலில் குறிப்பிட்ட காலம் இருந்திருந்தால், நோய் வேலையால்தான் வந்தது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது மறுதரப்பின் பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தொழிலில் குறிப்பிட்ட காலம் இருந்தீர்கள் என்பதை யார் காட்டுவது? அண்ணனிடம் சம்பளச் சீட்டு ஒன்று கூட இல்லை. கையில் காசு, வருகைப் பதிவு மேஸ்திரியின் சட்டைப் பை நோட்டில். நான்கு பட்டறையில் இரண்டு இப்போது இல்லவே இல்லை. மூன்றாவது, அவர் இங்கே வேலை செய்ததே கிடையாது என்கிறது. நான்காவது, எங்களிடம் எட்டு மாதம்தான் இருந்தார், எட்டு மாதத்தில் இந்த நோய் வராது, முன்னால் இருந்த இடத்தில் கேளுங்கள் என்கிறது.

இந்தக் கடைசிச் சாக்கு புதிதில்லை. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் தூசால் வரும் மீசோதெலியோமா புற்றுநோய்க்காரர்கள் நஷ்டஈட்டு வழக்குப் போட்டபோது இதையேதான் சொன்னார்கள்: பல முதலாளியிடம் வேலை செய்திருக்கிறீர்கள், எந்த முதலாளியின் இழை புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று காட்டுங்கள். அதை எந்த விஞ்ஞானியாலும் காட்ட முடியாது. 2002இல் அங்குள்ள பிரபுக்கள் சபை நீதிமன்றம், ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொரு முதலாளியும் பொறுப்புதான் என்று தீர்ப்புச் சொன்னது. 2006இல் ஒரு சட்டமே போட்டு, அவர்களில் யாரிடமும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்று உறுதி செய்தார்கள். இந்த நியாயம் எல்லா நாட்டிலும் எல்லா தூசுக்கும் வர வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

இன்னொரு சுவர் காலக்கெடு. விபத்துக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கெடு வைப்பதில் அர்த்தம் இருக்கிறது, விரல் போன தேதி எனக்கு நன்றாகவே தெரியும். நுரையீரல் எந்தத் தேதியில் போனது? ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தூசு உள்ளே போய் 20, 30, 40 வருஷம் கழித்து வருகிறது. 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்பில் ரேடியம் பூசிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லி வேலை வாங்கப்பட்டவர்கள், தாடை எலும்பு அரித்துப்போய் வழக்குப் போட்டபோது, காலக்கெடு முடிந்துவிட்டது என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். 1928இல் ஐந்து பேருக்குச் சமரசமாக ஏதோ கிடைத்தது. நோய் என்று தெரிந்த நாளில் இருந்துதான் கெடு தொடங்க வேண்டும் என்று இப்போது பல சட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துகிற சட்டத்தில் எந்த நாளில் இருந்து கணக்கு என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள், அண்ணன் இதில் ஏழு மாதத்தை வீணாக்கினார்.

என் ஆதங்கம் இதுதான். இந்தச் சட்டம் முழுக்க முழுக்க விபத்தை மனசில் வைத்துக் கட்டியது. ஒரு தேதி, ஒரு இடம், ஒரு மெஷின், ஒரு முதலாளி, பார்த்த நான்கு பேர். நோயை அதற்குள் பிறகு திணித்திருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வேலை காரணமாக ஒரு வருஷத்தில் சாகிறவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர், அதில் விபத்தில் சாகிறவர்கள் 3 லட்சத்து 30 ஆயிரம்தான், மீதி 26 லட்சம் பேர் நோயால். வரிசையில் நிற்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பொருந்தாத கவுண்டர் என்று எனக்குப் படுகிறது. தாராளமான நாடு என்று பேர் வாங்கிய நியூசிலாந்தில் கூட, 1974 ஏப்ரலில் தொடங்கிய விபத்து இழப்பீட்டுத் திட்டம் வேலையிலோ வீட்டிலோ ரோட்டிலோ எங்கே அடிபட்டாலும் வார வருமானத்தில் 80 சதவீதம் கொடுக்கிறது, நோய் என்று வந்தால் வேலையால் வந்தது என்று காட்டினால்தான் உள்ளே விடும்.

நல்ல உதாரணமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்தை 1925 முதலே சேர்த்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் அதிக வேலையால் வரும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், முந்தின ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம், அல்லது இரண்டு முதல் ஆறு மாதச் சராசரியில் மாதம் 80 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வேலைக்கும் நோய்க்கும் பலமான தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். மணி நேரத்தை எண்ண முடிகிறது என்றால் தூசையும் எண்ண முடியும். காற்றில் தூசு எவ்வளவு என்று அளக்கும் கருவி இருக்கிறது, அதை வருஷம் ஒரு முறை அளந்து ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் எழுதி வைக்கச் சொன்னால் அண்ணன் மாதிரி ஆட்களுக்கு ஒரு வரியாவது கையில் இருக்கும்.

ஐந்து நட்சத்திரத்தில் கேட்டால் விபத்துக்கு மூன்றரை கொடுப்பேன். நோய்க்கு ஒன்று, அதுவும் அந்த நான்காவது டாக்டருக்காக. பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள், உங்களுக்குக் காகிதம் இல்லை, கான்ட்ராக்ட் ஆள், வெளிநாட்டு ஆள் என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உள்ளூர் ஆளுக்குச் சமமாக இழப்பீடு தர வேண்டும் என்று 1925இலேயே ஒரு உடன்படிக்கை வந்துவிட்டது. இன்னொரு விஷயம், பங்கு பேசி வழக்கு நடத்தித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலில் நிற்கிற ஆட்களிடம் ஒரிஜினல் சீட்டைக் கொடுக்காதீர்கள். தூசு, ரசாயனம், சத்தம் இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க ஆரம்பியுங்கள், எந்த வருஷம், எந்தப் பட்டறை, என்ன பொருள், கூட யார். பேட்ஜ், கேட் பாஸ், மேஸ்திரி அனுப்பிய மெசேஜ், யூனிஃபார்ம் போட்டு எடுத்த படம், எதையும் அழிக்காதீர்கள்.

அண்ணன் இப்போதுதான் அதைச் செய்கிறார். பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் நான்கு பட்டறைக்கும் தலா ஐந்து பக்கம் ஒதுக்கி, ஞாபகம் வர வர எழுதுகிறார். மூன்றாவது பட்டறைக்கு அவர் பெயரில் வந்த ஒரு பார்சலின் ரசீது பெட்டியில் கிடைத்தது, முகவரி அந்தப் பட்டறைதான். கூட அறுத்தவர்களில் ஆறு பேரின் பெயர் எழுதியிருக்கிறார். இரண்டு பேர் உயிரோடு இல்லை. மூன்று பேர் சாட்சிக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இருமல் இருக்கிறது, அவர்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு, மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறேன், கீழே இறங்கி வந்து பார்க்கச் சொல்லி.